ரேம் வாங்கும் முன் கேபினெட்டைத் திறந்து பாருங்கள்

"அண்ணா, 8 ஜிபி ரேம் மாத்தினேன். ஃபேன் சுத்துது, டிஸ்பிளே மட்டும் வரலைங்க."

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்கு டிசைன் வரைந்து கொடுக்கும் தம்பியின் அழைப்பு அது. போய்க் கேபினெட்டைத் திறந்தேன். உள்ளே இன்டெல் எச்61 மதர்போர்டு, ரேம் செருக இரண்டே ஸ்லாட், ரேம் வகை டிடிஆர்3. அவர் ஆன்லைனில் வாங்கியதும் டிடிஆர்3 தான். ரேமைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், ஸ்டிக்கரின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'ஏஎம்டிக்கு மட்டும்' என்றிருந்தது; இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் புராசசர் உள்ள போர்டுகளுக்கு மட்டும் என்று அர்த்தம். அந்த ரகத்தில் சிப்களின் உள்ளமைப்பே வேறு. இந்த இன்டெல் போர்டுகள் அதை ஏற்காது. விலை மலிவாக இருந்ததன் காரணம் அதுதான். பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய ரேமும் இப்படித்தான் மலிவாக வரும், வீட்டு கம்ப்யூட்டரில் ஓடாது.

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றிலும் அடியில் இருக்கும் வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஒன்றை மற்றொன்றின் ஸ்லாட்டில் அழுத்திப் பார்க்கவே கூடாது, போர்டு போய்விடும்.

ரேம் வாங்குவதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு, மெமரியும் டிஸ்க்கும் எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தொட்டால் ரேம் போடலாம். மெமரி பாதிதான், டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது என்றால் அந்தக் காசுக்கு, ஹார்ட் டிஸ்க்கை விட வேகமான எஸ்எஸ்டி வாங்குங்கள். ரேம் போட்டும் வேகம் வரவில்லை என்று வருத்தப்படுகிறவர்களில் பலர் இந்த ரகம். 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் போடுவது வீண்.

தம்பியின் மெமரி நிறைந்துதான் இருந்தது. அந்த ரேமைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு, பழைய 4 ஜிபியோடு அதே வேகத்தில் இன்னொரு 4 ஜிபி போட்டேன். ஜோடியாகப் போட்டால் இரண்டு வழியிலும் டேட்டா ஒரே நேரத்தில் போய்வரும். இரண்டின் வேகமும் வெவ்வேறாக இருந்தால் இரண்டுமே குறைந்த வேகத்தில்தான் ஓடும்.

ஏற்காட்டிலிருந்து வரும் கம்ப்யூட்டர்களில் பாதிக்குப் புது ரேமே தேவைப்படாது. மூடுபனி ஈரத்தில் ரேமின் தங்க நிறப் பற்கள் மங்கிப்போயிருக்கும். பவர் கேபிளைப் பிடுங்கி, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள். பென்சில் ரப்பரால் பற்களை மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, கிளிப் 'டிக்'கென்று விழும்வரை அழுத்துங்கள்.