பிந்தி வரும் தாகம்

நீரிழிவு என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அந்த நோயின் அறிகுறி ஒன்று அதற்குள்ளேயே இருக்கிறது. இழிதல் என்றால் இறங்குதல், வழிதல். சலரோகம் என்று நம் வீடுகளில் வழங்கும் பெயரும் அதே நீரைத்தான் குறிக்கிறது. சீனி வருத்தம் என்ற பேச்சு வழக்கு மட்டுமே காரணத்தைத் தொடுகிறது. பெயரிலேயே இருக்கும் இந்த அறிகுறியை நம்பி, தாகமும் இல்லை, அடிக்கடி சலம் போவதும் இல்லை, ஆகவே நமக்குச் சீனி இல்லை என்று பலர் ஆறுதல் அடைகிறார்கள். அந்த ஆறுதல் ஏன் பிழையானது என்பதை விளங்கிக்கொள்ளச் சிறுநீரகத்துக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

நமது சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் நீர்மத்தைக் குருதியிலிருந்து வடிக்கின்றன. அதனுடன் குளுக்கோசும் வடிந்துவிடும். ஆனால் உடல் அதை வீணாக்குவதில்லை. சிறுநீரகத்தின் மெல்லிய குழாய்களின் சுவரில் இருக்கும் காவிப் புரதங்கள் அதை ஏற்றிக்கொண்டு குருதியிலேயே திரும்பச் சேர்த்துவிடுகின்றன. காலையில் கொழும்பின் காலி வீதியில் நிறைந்து வரும் பஸ்ஸைப் போல, இந்தக் காவிகளுக்கும் ஓர் அளவு உண்டு. குருதியில் ஒரு டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராம் என்ற அளவைக் குளுக்கோசு தாண்டும்போது பஸ் நிறைந்துவிடுகிறது. (இரண்டு இடத்திலும் 180 வருவது தற்செயலே.) ஏற முடியாமல் குழாய்க்குள் தங்கிய குளுக்கோசு தன்னோடு நீரையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. சலம் பெருகுகிறது, உடல் வற்றுகிறது, மூளை தாகத்தை எழுப்புகிறது. அதாவது, நிறையத் தண்ணீர் குடிப்பதனால் சலம் போவதில்லை. சலம் போவதனாலேயே தண்ணீர் தேவைப்படுகிறது.

வெறுவயிற்றில் எடுத்த குருதியில் குளுக்கோசு 126 மில்லிகிராமை எட்டினாலே அது நீரிழிவு. தாகம் தொடங்குவதோ 180ஐத் தாண்டிய பிறகு. இந்த இடைவெளிக்குள் ஒருவர் பல ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்துவிடலாம். முதுமையில் அந்த 180 என்ற வரம்பு இன்னும் மேலே போவதால், வயதானவர்களிடம் தாகம் மேலும் பிந்தி வரும். 2008இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்றில் இலங்கையின் வயது வந்தோரில் 10.3 வீதமானோருக்கு நீரிழிவு இருந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேற்பட்டோர் அதை அறியாமலே இருந்தார்கள்.

கொட்டாஞ்சேனையில் இருந்த என் மாமா ஒருவர் தலைமாட்டில் இரண்டு போத்தல் தண்ணீர் வைத்துக்கொண்டுதான் படுப்பார். கேட்டால், "கொழும்புப் புழுக்கத்துக்கு இதுவும் போதாது" என்பார். அந்தப் பதிலில் ஒரு பொறி இருக்கிறது. வெயிலும் வியர்வையும் ஏற்படுத்தும் தாகத்தில் உடல் நீரைச் சேமிக்க முயலும். ஆகவே சலம் குறைந்து, கடும் மஞ்சளாகப் போகும். சீனியினால் வரும் தாகத்தில், எவ்வளவு தாகம் இருந்தாலும், சலம் வெளிறிய நிறத்தில் ஏராளமாகப் போகும். மாமா இரவில் சலம் போக நான்கு தடவை எழும்பினார் என்பதை மாமிதான் பிறகு சொன்னார். புழுக்கம் யாரையும் அப்படி எழுப்பாது.

தாகத்துக்கு முன்பே உடலில் தென்படக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு. அதைத்தான் நாம் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக் கழுவுகிறோம். கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, தொட்டால் வெல்வெட்டுத் துணியைப் போல இருக்கும். பாடசாலைக்குப் புறப்படும் பிள்ளையின் கழுத்தைப் பீர்க்கங்காய் நாரால் சிவக்கச் சிவக்கத் தேய்க்கும் தாயை வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பொன்றில் பார்த்திருக்கிறேன். தேய்த்தால் அது போகாது. குருதியிலுள்ள குளுக்கோசை எடுத்துக்கொள்ளும்படி கலங்களை ஏவும் இன்சுலினுக்கு அவை சரியாகப் பணியாதபோது, சதையி (கணையம்) அதை மேலும் மேலும் சுரக்கிறது. குருதியில் மிகுந்த அந்த இன்சுலின் தோற்கலங்களைப் பெருகத் தூண்டுகிறது. அப்போது குளுக்கோசின் அளவு இன்னும் சரியாகவே இருக்கலாம். சதையி கூடுதலாக உழைத்து அதைச் சமாளித்துக்கொண்டிருக்கும். அந்தக் கூடுதல் உழைப்பின் தடயம்தான் கழுத்தில் தெரிகிறது. இடுப்புச் சுற்றளவு நம் போன்ற தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டுவதும் ஏறத்தாழ இதே கதையைத்தான் சொல்கிறது.

ஏனைய அறிகுறிகளில் கண்பார்வை மங்குவது விசித்திரமானது. குளுக்கோசு ஏறி இறங்கும்போது கண்ணின் வில்லைக்குள் நீர் புகுந்தும் வெளியேறியும் அதன் வடிவம் மாறுவதால், புதிதாக வாங்கிய மூக்குக்கண்ணாடி சில வாரங்களில் பொருந்தாமல் போய்விடும். வழமைபோலச் சாப்பிட்டும் உடல் மெலிவதற்குக் காரணம், சலத்தோடு வெளியேறும் ஒவ்வொரு கிராம் குளுக்கோசும் 4 கலோரியைக் கொண்டுபோவது. 100 கிராம் போனால் ஒரு நேரச் சோறு போனதற்குச் சமம். பெண்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் அந்தரங்க உறுப்பு அரிப்பு, சலத்தில் உள்ள சீனியில் பூஞ்சணம் செழிப்பதன் விளைவு. கூச்சத்தால் இதை வைத்தியரிடம் பலர் சொல்வதில்லை. கால் விரல்களின் விறைப்பும், செருப்பு கழன்றது தெரியாமல் நடந்துபோவதும், மிக நீளமான நரம்புகள் முதலில் பழுதாவதால் ஏற்படுகின்றன. அவற்றை ஆரம்ப அறிகுறி என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த நிலையில் நோய்க்குப் பெரும்பாலும் சில வயது ஆகியிருக்கும்.

சிறுவர்களின் கதை வேறு. முதலாம் வகை நீரிழிவில், இன்சுலின் சுரக்கும் கலங்களை உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால், சில வாரங்களிலேயே நிலைமை முற்றிவிடலாம். படுக்கையில் சலம் போவதை எப்போதோ நிறுத்திய பிள்ளை மறுபடி படுக்கையை நனைத்து, மெலிந்து, தண்ணீருக்கு அலைந்தால், அன்றைக்கே குருதியைச் சோதிக்க வேண்டும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல், மூச்சில் பழுத்த பழ வாசனை ஆகியவை சேர்ந்தால் நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வளர்ந்தவர்களுக்கு வரும் இரண்டாம் வகையைப் பொறுத்தவரை, அறிகுறிக்குக் காத்திராமல் குருதியைச் சோதிப்பதே வழி. எட்டு மணிநேரம் உண்ணாமல் எடுத்த குருதியில் 100க்குக் குறைவு என்றால் சரி. 100 முதல் 125 வரை என்றால் நீரிழிவின் முன்நிலை, இங்கிருந்து உணவாலும் நடையாலும் திரும்பிவர இடமுண்டு. எச்பிஏ1சி என்ற சோதனை, ஏறத்தாழ 120 நாள் வாழும் செங்குருதிக் கலங்களில் ஒட்டிய குளுக்கோசை அளப்பதால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும், 6.5 வீதமும் அதற்கு மேலும் நீரிழிவு. குருதிச்சோகையோ, பரம்பரையாக வரும் குருதி நோயான தலசீமியாவோ உள்ளவர்களிடம் இந்த எண் ஏமாற்றக்கூடும் என்பதால் அதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு ஒரு சோதனை கூடுதலாகக் காட்டினால், இன்னொரு சோதனையால் அதை உறுதிசெய்த பிறகே வைத்தியர்கள் நோய் என்று முடிவு செய்வார்கள். வெறுவயிறு என்றால் தண்ணீர் மட்டும்தான். "ஒரு பிளேன்டீதானே" என்று குடித்துவிட்டுப் போனால் கையில் கிடைக்கும் எண் அந்தப் பிளேன்டீயையும் சேர்த்த எண்ணாகவே இருக்கும்.