15 கிராமும் ஒரு சான்றிதழும்

மரண தண்டனை வழக்குகளில் வாதாடுகிறவன் என்று தெரிந்துவிட்டால், கல்யாண வீட்டில்கூட என்னைப் பிடித்துவைத்துக் கேட்பார்கள்: "தூக்கு சரியா, தவறா?" தவறு என்பதே என் பதில். ஆனால் சரி என்று நம்புகிறவர்கள்தான் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஒருவர் சாக வேண்டுமா என்பதை நீதிபதி எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்து முடிவு செய்கிறார் என்று அவர்களில் பலர் நினைக்கிறார்கள். சிங்கப்பூரில் போதைப்பொருள் கடத்தல் வழக்கு அப்படி நடப்பதில்லை.

1975இல் வந்த கட்டாய மரண தண்டனை எடையைத்தான் பார்க்கிறது. தூய ஹெராயின் 15 கிராம், கஞ்சா 500 கிராம், 'ஐஸ்' எனப்படும் மெத்தாம்ஃபெட்டமின் 250 கிராம். இந்த அளவைத் தாண்டினால் தூக்கு. சில குற்றச்சாட்டுகளில் "14.99 கிராமுக்குக் குறையாத" என்று எழுதியிருக்கும். அரசுத் தரப்பு எடையை எல்லைக்குக் கீழே இறக்கியிருக்கிறது என்று பொருள். இந்த 0.01 கிராம் வித்தியாசம் ஒரு சிட்டிகை உப்புக்கும் குறைவு. இறக்கப்பட்டவருக்குக் குறைந்தது 20 ஆண்டுச் சிறையும் 15 பிரம்படியும், உயிர் தப்பிவிடும். யாருக்கு இறக்குவது என்பதில் நீதிபதிக்குப் பங்கில்லை.

2013 முதல் ஒரு வாசல் திறந்திருப்பது உண்மைதான். வெறும் பொட்டலம் சுமந்தவர் என்று நிரூபணமாகி, மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்குக் கணிசமாக உதவினார் என்று அரசுத் தரப்பு சான்றிதழும் தந்தால், நீதிபதி தூக்குக்குப் பதிலாக ஆயுள் தண்டனை விதிக்கலாம். என் மனத்தை உறுத்துவது இந்தச் சான்றிதழ்தான். ஜொகூர் பாருவில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் பொட்டலம் வாங்கிக்கொண்ட இளைஞர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "அவரை எல்லாரும் பாஸ் என்பார்கள், சார். அவர்தான் அழைப்பார். நான் திருப்பி அழைத்தால் அந்த எண் வேலை செய்யாது." அவரிடம் இருந்த தகவல் அவ்வளவுதான். கும்பலுக்குள் ஆழமாக இருப்பவனுக்குப் பெயர்கள் தெரியும், வீடுகள் தெரியும். அவனால் உதவ முடியும். ஓரத்தில் நிற்கிற கூலிக்கு எதுவும் தெரியாது. அவர் தெரிந்ததையெல்லாம் கொட்டினாலும் போதாது. சொன்னது கடத்தலைக் குலைக்க உதவியிருக்க வேண்டும். குற்றத்தில் சிறியவரே தண்டனையில் பெரியவராகிவிடும் இந்தத் தலைகீழ்க் கணக்கை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. சான்றிதழ் மறுக்கப்பட்டால் நீதிமன்றத்தில் அதை எதிர்ப்பதும் மிகக் கடினம். அரசுத் தரப்பு தீய நோக்கத்தோடு நடந்துகொண்டது என்பது போன்ற காரணங்களைக் காட்ட வேண்டும்.

ஈப்போவைச் சேர்ந்த நாகேந்திரன் தர்மலிங்கத்தை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். 2009இல் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில், தொடையில் கட்டிய பொட்டலத்தோடு பிடிபட்டார். அதில் இருந்த ஹெராயின் 42.72 கிராம். அறிவுத்திறன் ஈவு (IQ) 69 என்று மதிப்பிடப்பட்டவர். அவருக்குச் சான்றிதழ் கிடைக்கவில்லை. வெறும் பொட்டலம் சுமந்தவருக்குப் பொறுப்பைக் கணிசமாகக் குறைக்கும் மனக் குறைபாடு இருந்தாலும் தூக்குக்குப் பதில் ஆயுள் தண்டனைதான்; ஆனால் சட்டம் கேட்கும் அளவுக்கு அது நிரூபணமாகவில்லை என்று நீதிமன்றங்கள் முடிவு செய்தன. 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார்.

கடும் தண்டனைதான் கடத்தலைத் தடுக்கிறது என்கிறது அரசாங்கம். ஹெராயினால் குலைந்த தமிழ்க் குடும்பங்களை நானும் பார்த்திருக்கிறேன்; அந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ள மாட்டேன். ஆனால் சரக்கை அனுப்புகிறவன் தன் கழுத்தைப் பணயம் வைப்பதில்லை. கடனில் மூழ்கியவரைப் பிடித்து அவர் கழுத்தை வைக்கிறான். ஒருவர் போனால் இன்னொருவர் கிடைப்பார் என்று அவனுக்குத் தெரியும். மலேசியா 2023இல் கட்டாய மரண தண்டனையை நீக்கி, முடிவை நீதிபதிகளிடம் விட்டது. நாமும் குறைந்தபட்சம் அதையாவது செய்ய வேண்டும்.

சட்டம் மாறும்வரை, ஜொகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வேலைக்கு வருகிறவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும் சிலவற்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பை உங்கள் கையில் இருந்தால், உள்ளே இருப்பது இன்ன போதைப்பொருள் என்று உங்களுக்குத் தெரியும் என்றே சட்டம் அனுமானிக்கும். தெரியாது என்று நிரூபிக்கும் பாரம் உங்களுடையது. நண்பர் தந்த பொட்டலம் என்று சொல்வது மட்டும் தற்காப்பு ஆகாது. கைதானால், மலாயோ ஆங்கிலமோ அரைகுறையாகத் தெரியும் என்பதற்காக அதில் வாக்குமூலம் கொடுக்காதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். தவறாக இருந்தால் திருத்தாமல் கையெழுத்திடாதீர்கள். குற்றச்சாட்டைப் படித்துக்காட்டி வாங்கும் வாக்குமூலத்தில் தற்காப்பைச் சொல்லாமல் விட்டு விசாரணையில் சொன்னால், நீதிபதி நம்பத் தயங்கலாம்.

வழக்கறிஞருக்காக வீட்டை அடகு வைக்கவும் வேண்டாம். மரண தண்டனை வழக்குகளில், எந்த நாட்டவராக இருந்தாலும், உச்ச நீதிமன்றத்தின் சட்ட உதவித் திட்டத்தில் இலவசமாக வழக்கறிஞர்களை நியமிப்பார்கள். "படிப்பு ஏறவில்லை சார், தனி வகுப்பில் போட்டார்கள்" என்று கைதான ஒருவரின் தாயார் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதைச் சொல்லும் பள்ளித் தாள் பரணில் கிடந்தது. மனநிலை பற்றிய வாதத்துக்கு அப்படிப்பட்ட தாள்கள்தான் ஆதாரம். பள்ளி அறிக்கை, மருத்துவமனை அட்டை, தலையில் அடிபட்ட பழைய சீட்டு, எது இருந்தாலும் வழக்கறிஞரை முதல்முறை பார்க்க வரும்போதே கொண்டுவாருங்கள். விசாரணை தொடங்குவதற்கு முன்பே மனநல மருத்துவர் அவற்றைப் பார்த்தாக வேண்டும்.