சொல் விளக்கம்: பாலியஸ்டர்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு புடவைக் கடை. எனக்கு முன்னால் நின்ற அம்மாள் நீலச் சேலை ஒன்றின் முந்தானையை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது ஜார்ஜெட்டா, பாலியஸ்டரா?" என்று கேட்டார். "இரண்டும்தான் அக்கா" என்றான் கடைப் பையன். அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏதாவது ஒன்றைச் சொல் தம்பி, ஏமாற்றாதே" என்று சேலையை மேசையில் போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடந்தார்.

பையன் சொன்னதில் தவறே இல்லை. ஜார்ஜெட் என்பது துணியை நெய்யும் விதத்துக்குப் பெயர். நூலை இறுக முறுக்கி நெய்வதால் மேற்பரப்பு மணல் மணலாக, லேசான சொரசொரப்புடன் இருக்கும். அந்தப் பெயர் பிரான்சு நாட்டுத் தையற்கலைஞர் ஒருவருடையது. முதலில் அதைப் பட்டு நூலில்தான் நெய்தார்கள். பாலியஸ்டரோ நூல் எதனால் ஆனது என்பதற்குப் பெயர். இட்லியைக் காட்டி "இது இட்லியா, அரிசியா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? சாட்டின், கிரேப், ஷிஃபான் எல்லாம் இதே கதைதான். பட்டிலும் ஷிஃபான் உண்டு, பாலியஸ்டரிலும் உண்டு. விலையில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

துணிகளின் பழைய பெயர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. பருத்தி என்றால் செடி. கம்பளி என்றால் ஆட்டு மயிர். கலிங்கம் என்று சங்கப் பாடல்களில் வருவது கலிங்க நாட்டின் பெயரைத் தாங்கிய துணி. துணி என்ற சொல்லே துணித்தல், அதாவது வெட்டுதல் என்பதிலிருந்து வந்தது. துண்டு, அறுவை ஆகியவையும் அப்படியே. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒரு சங்கப் புலவர் இருக்கிறார். அவர் துணி வியாபாரி. இன்றைய வழக்கில் "அறுவை" என்றால் என்ன பொருள் என்று தெரிந்தால் பாவம், வருத்தப்படுவார். பாலியஸ்டர் செடியின் பெயரும் இல்லை, ஊரின் பெயரும் இல்லை. அது ஒரு வேதிப் பிணைப்பின் பெயர். ஆய்வுக்கூடத்திலிருந்து நேராகக் கடைப் பலகைக்கு வந்துவிட்டது.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். "பாலி" கிரேக்கம், பல என்று பொருள். பாலிதீன், பாலிடெக்னிக் ஆகியவற்றில் இருப்பதும் இதுவே. "எஸ்டர்" ஜெர்மன் வேதியியலாளர் லியோபோல்டு க்மெலின் 1848இல் வழக்குக்குக் கொண்டுவந்த சொல். ஜெர்மன் மொழியில் "எஸ்ஸிக்" என்றால் புளிக்காடி, அதாவது வினிகர். "ஏத்தர்" என்பது ஈதர். இரண்டையும் சேர்த்துச் சொன்ன "எஸ்ஸிக் ஏத்தர்" என்ற நீண்ட பெயரைச் சுருக்கி அவர் எஸ்டர் ஆக்கினார் என்பதே சொல்லாய்வாளர்கள் சொல்லும் விளக்கம். ஆக, உங்கள் நீலச் சேலையின் பெயருக்குள் ஒரு சொட்டு வினிகர் இருக்கிறது.

ஒரு அமிலமும் ஓர் ஆல்கஹாலும் கைகோத்து, இடையில் ஒரு தண்ணீர் மூலக்கூற்றை வெளியே தள்ளினால் கிடைப்பது எஸ்டர். அந்நியமான பொருள் என்று நினைக்க வேண்டாம். வாழைப்பழத்தின் மணம் ஓர் எஸ்டர். தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயும் எஸ்டர்தான். எண்ணெயில் காஸ்டிக் சோடாவைச் சேர்த்து அந்த எஸ்டர் பிணைப்பை அறுத்தால் சோப்பு கிடைக்கும். பாலியஸ்டர் சேலைக்குப் பட்டுப் போன்ற மென்மை வரவழைக்க ஆலைகளில் செய்வதும் ஏறக்குறைய இந்த வேலைதான். காஸ்டிக் சோடாக் கரைசலில் துணியை ஓட்டி, இழையின் மேல்தோலைச் சிறிது அரித்து எடுத்துவிடுகிறார்கள். இழை மெலிகிறது, துணி குழைந்து விழுகிறது. நாம் "பட்டு மாதிரி" என்று தடவிப் பார்க்கிறோம்.

பல எஸ்டர்கள் எப்படித் தொடராகின்றன? தண்டையார்பேட்டைப் பக்கம் ரயில்வே கேட்டில் நின்று சரக்கு ரயிலைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு முனைகளிலும் கொக்கி உண்டு. ஒரு முனையில் மட்டும் கொக்கி இருந்தால் இரண்டு பெட்டிகளோடு கதை முடிந்துவிடும், ரயில் வராது. அப்படி இரு முனையிலும் கொக்கி உள்ள டெரிப்தாலிக் அமிலமும், இரு முனையிலும் கொக்கி உள்ள எத்திலீன் கிளைக்காலும் மாறி மாறிக் கோத்துக்கொண்டே போனால் வருவது பாலியஸ்டர். இந்த இரண்டுக்கும் மூலம் பெரும்பாலும் கச்சா எண்ணெய். மணலி சுத்திகரிப்பு ஆலையின் சுடர் இரவில் தெரியும் தெருக்களில் வாழ்கிறவர்களுக்கு, மண்ணுக்கடியில் இருந்து வந்த எண்ணெய் பெட்ரோலாகும் என்று தெரியும். அதே எண்ணெய் புடவையும் ஆகும் என்பதைச் சொன்னால்தான் சற்று நம்ப மறுக்கிறார்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: தண்ணீர் பாட்டிலும் இதே பொருள்தான். காலி பாட்டில்களைத் துண்டாக்கி, கழுவி, உருக்கி, மீண்டும் இழையாக இழுக்கிறார்கள். தலையணைக்குள் இருக்கும் பஞ்சு பல வீடுகளில் பஞ்சே இல்லை.

இப்போது "டெரிகாட்டன்" என்ற சொல்லுக்கு வருவோம். பெரியவர்கள் இன்றும் பேண்ட் துணியைக் காட்டி டெரிகாட்டனா என்று கேட்பார்கள். 1941இல் இங்கிலாந்தில் ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டும் ஜேம்ஸ் டிக்சனும் இந்த இழைக்குக் காப்புரிமை பதிந்தார்கள். அதற்கு முன்பே அமெரிக்காவில் கரோதர்ஸ் என்பவர் பாலியஸ்டர்களைச் செய்து பார்த்திருந்தார். ஆனால் அவர் செய்தவை சிறு வெப்பத்திலேயே இளகிவிட்டதால் அவற்றை ஒதுக்கிவிட்டு நைலான் பக்கம் போய்விட்டார். இங்கிலாந்துக்காரர்கள் டெரிப்தாலிக் அமிலத்தைப் பயன்படுத்தினார்கள். அதிலுள்ள வளையம் தொடரை விறைப்பாக்கியது; உருகுநிலை ஏறக்குறைய 260 டிகிரி செல்சியசுக்கு உயர்ந்தது. அமிலத்தின் பெயரையும் எத்திலீனையும் ஒட்டிச் சுருக்கி "டெரிலீன்" என்று வணிகப் பெயர் வைத்தார்கள். அமெரிக்காவில் அதே இழை டேக்ரான். 1960களில் நம் நாட்டுக்கு வந்த வணிகப் பெயர் டெரீன். அதைப் பருத்தியோடு கலந்தபோது டெரிகாட்டன் ஆயிற்று. அந்த "டெரி" எங்கிருந்து வந்தது தெரியுமா? டெரிப்தாலிக் அமிலத்தை முதலில் பிரித்தெடுத்தது டர்பெண்டைனிலிருந்து. டர்பெண்டைனுக்குப் பெயர் கொடுத்தது டெரபிந்த் என்ற மரம். எஸ்டருக்குள் வினிகர் என்றால், டெரிகாட்டனுக்குள் ஒரு பிசின் மரம்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வேறு. வின்ஃபீல்டும் டிக்சனும் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர் காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷன். காலிகோ என்பது கோழிக்கோடு. அந்தத் துறைமுகத்தின் பெயரில் ஐரோப்பா அழைத்த இந்தியப் பருத்தித் துணி. அந்தத் துணிக்காகத்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்தக் கடற்கரைக்கு வந்தார்கள். நெய்த துணியை வெளுத்துக் கொடுத்த தொழிலாளர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. ஆளுநர் ஜோசப் காலட் திருவொற்றியூர்ப் பக்கம் நெசவாளர்களைக் குடியேற்றிய காலட்பேட்டை, நம் வாயில் புரண்டு காலடிப்பேட்டை ஆகிவிட்டது. இங்கிலாந்து நெசவாளர்கள் கொதித்தெழுந்து, 1721இல் இந்த அச்சுப் பருத்தித் துணியை உடுத்தத் தடைபோடும் சட்டமே வந்தது. அவ்வளவு பெயர்பெற்ற நம் பருத்தியின் பெயரைப் பலகையில் தொங்கவிட்ட நிறுவனத்துக்குள்தான், பருத்தியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிய இழை பிறந்தது. இன்று உலகில் உற்பத்தியாகும் இழையில் பாதிக்கு மேல் பாலியஸ்டர்.

சரி, இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? இப்படித் தொடராகக் கோத்த மூலக்கூறுக்குப் பொதுப்பெயர் பாலிமர். அதை நம் பள்ளிப் பாடநூல்கள் பலபடி என்கின்றன. பல்லுறுப்பி என்பாரும் உண்டு, இலங்கையில் பல்பகுதியம். எஸ்டரை இங்கே எஸ்டர் என்றே எழுதுகிறோம், இலங்கையில் எசுத்தர். இவற்றை வைத்துப் புனைந்ததே பல்லெஸ்டர், அல்லது கிரந்தம் தவிர்த்த பல்லெசுத்தர். "தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்" என்ற நன்னூல் விதிப்படி பல் + எஸ்டர் பல்லெஸ்டர் ஆகிறது. இலக்கணத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் கோடவுன் தெரு மொத்தக் கடையில் போய் "பல்லெசுத்தர்ச் சேலை இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். பல் டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள்.

பிளாஸ்டிக்குக்கு நெகிழி என்ற சொல் பரவியதற்குக் காரணம் உண்டு. நெகிழ்வது கண்ணுக்குத் தெரியும் குணம். பாலியஸ்டரை அடையாளப்படுத்துவதோ கண்ணுக்குத் தெரியாத ஒரு பிணைப்பு. "செயற்கை இழை" என்று நாளிதழ்கள் எழுதுவதைப் பார்க்கிறேன். அது அழகான தொடர், ஆனால் நைலானும் அக்ரிலிக்கும் அதற்குள் அடங்கிவிடும். மாட்டைக் காட்டி இது என்ன என்று கேட்டால் விலங்கு என்று சொல்வது போன்றது அது. "செயற்கைப் பட்டு" இன்னும் மோசம். அது ரேயானுக்கு வழங்கிய பெயர், ரேயான் மரக்கூழிலிருந்து வருவது. என் முடிவு இது: வேதியியல் எழுதும்போது பல்லெஸ்டர், துணியைப் பற்றி எழுதும்போது பாலியஸ்டர் இழை, பாலியஸ்டர் துணி. கடைப் பலகைகளில் காணும் "பாலிஸ்டர்" வேண்டாம். அதில் எஸ்டரின் தொடக்க ஒலியே காணாமல் போய், சொல்லின் பாதி உயிர் போய்விடுகிறது.

மற்றத் துணிகளோடு ஒப்பிட ஒரே ஒரு கணக்கு போதும். நன்றாக உலர்ந்த 100 கிராம் இழையை இயல்பான ஈரப்பதமுள்ள அறையில் வைத்தால், காற்றிலிருந்து அது எவ்வளவு நீரை இழுத்துக்கொள்ளும்? பருத்தி சுமார் 8 கிராம், பட்டு 11, ரேயான் 13, கம்பளி 16, நைலான் 4. பாலியஸ்டர் அரை கிராம்கூட இல்லை, 0.4 கிராம்தான். இதிலிருந்தே பாதிப் பலன்களைக் கணித்துவிடலாம். மே மாதம் மின்ட் பஸ் நிலையத்தில் நிற்கும்போது சட்டை முதுகில் ஒட்டிக்கொள்வது இதனால்தான். வியர்வையைத் துணி குடிப்பதில்லை. ஐப்பசி மழையில், குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் குறுகிய தாழ்வாரத்தில் மாலையில் போட்ட சேலை காலையில் காய்ந்திருப்பதும் இதனால்தான். நீரை வேண்டாம் என்கிற இழை எண்ணெயைப் பற்றிக்கொள்ளும். சட்டைக் காலரில் அழுக்கு பிடிவாதமாக இருப்பதை அதற்குக் கணக்கு வையுங்கள்.

சாயம் போகாததற்கும் இதே பிடிவாதம்தான் காரணம். தண்ணீரே நுழையாத இழைக்குள் சாயத்தை நுழைக்க, அழுத்தம் கொடுத்து 130 டிகிரி வரை சூடேற்ற வேண்டியிருக்கிறது. அப்படி உள்ளே போன சாயம் வாளித் தண்ணீருக்கு எளிதில் வெளியே வராது. மடிப்பு கலையாததும் வெப்பத்தின் விளையாட்டே. சூட்டில் தொடர்கள் இளகும், ஆறியதும் அதே வாட்டத்தில் இறுகிவிடும். பள்ளிப் பாவாடையின் மடிப்பு ஆண்டு முழுதும் கத்தி போல நிற்பது அப்படித்தான். எங்கள் தெரு முனையில் கரிப்பெட்டியால் இஸ்திரி போடும் அண்ணன், டெரிகாட்டன் என்றால் ஈரத்துணியை மேலே விரிக்காமல் பெட்டியை வைக்க மாட்டார். வைத்தால் பளபளவென்று ஒரு தழும்பு விழும், பிறகு போகவே போகாது.

ஒரு எச்சரிக்கை மட்டும். பாலியஸ்டர் எரியும்போது உருகி ஒழுகும், தோலில் ஒட்டும். அடுப்படியிலும் வெல்டிங் பட்டறையிலும் பருத்திதான் உடுத்த வேண்டும். பருத்தியும் தீப்பிடிக்கும், ஆனால் உருகி ஒட்டாது.

துணி எது என்று கண்டுபிடிக்கத் தையற்கடைகளில் நெருப்பைத்தான் நம்புவார்கள். பெரம்பூரில் நான் சட்டை தைக்கக் கொடுக்கும் பெரியவர், 1996இல் மூடப்பட்ட பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலையின் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தவர். நாங்கள் பின்னி மில் என்று சொல்லுவோமே, அதுதான். லேபிளில் 67க்கு 33 என்று, அதாவது பாலியஸ்டர் 67 பங்கு, பருத்தி 33 பங்கு என்று போட்டிருந்த ஒரு துணியைக் கொடுத்து, "இது என்ன துணி ஐயா?" என்று கேட்டேன். அவர் லேபிளைப் பார்க்கவே இல்லை. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, தீக்குச்சியை உரசி முனையில் காட்டினார். காகிதம் எரியும் வாசனை வந்தது. நுனி கொஞ்சம் சாம்பலாக உதிர்ந்தது. மீதி சுருண்டு, கடுகு அளவு கருப்பு மணியாக இறுகிவிட்டது. நகத்தால் அதைத் தட்டிக் காட்டினார். டக் டக் என்றது.

"உதிர்ந்தது பஞ்சு. தட்டினால் சத்தம் வருகிறதே, அதுதான் உன் பாலியஸ்டர்" என்று சொல்லிவிட்டு, அளவு எடுக்கக் கையை நீட்டச் சொன்னார்.