தண்ணீர் குடிக்காத தரை: வெயிலும் ஈரமும் மிகுந்த இடத்துக்குப் போர்சலின் டைல்ஸ்

போர்சலின் டைல்ஸ் ஒன்றைக் கவிழ்த்து, அதன் பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். விட்ட இடத்திலேயே சொட்டு நிற்கும். சுவரில் ஒட்டும் சாதாரண செராமிக் டைல்ஸின் பின்பக்கத்தில் அதே சொட்டை விட்டால் சற்று நேரத்தில் உள்ளே போய்விடும். கறுத்த ஈரத் தடம்தான் மிஞ்சும். ஐ.எஸ்.ஓ. 13006 என்ற சர்வதேசத் தரநிலை இந்த வேறுபாட்டை எண்ணால் சொல்கிறது. தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாததுதான் போர்சலின். பத்து கிலோ டைல்ஸ் அதிகபட்சம் 50 கிராம் தண்ணீரை ஏற்கும். சுவர் டைல்ஸ் வகை 10 சதவீதத்துக்கு மேல், அதாவது அதே பத்து கிலோவில் ஒரு கிலோவுக்கும் அதிகமாகக் குடித்துவிடும்.

இந்த இறுக்கம் சூளையில் கிடைக்கிறது. களிமண், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம், குவார்ட்ஸ் மணல் ஆகியவற்றை மிக நுண்ணிய பொடியாக்கி, பெரும் அழுத்தத்தில் பலகையாக அழுத்தி, ஏறக்குறைய 1,200 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். அந்த வெப்பத்தில் ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி, துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை நிரப்புகிறது. களிமண்ணிலிருந்து முல்லைட் என்ற ஊசி வடிவப் படிகங்கள் வளர்ந்து அந்தக் கண்ணாடிக்கு வலுவூட்டுகின்றன. ஆறிய பிறகு உள்ளே சில காற்றுக் குமிழிகள் இருக்கும். ஆனால் அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் மூடிக் கிடப்பதால், தண்ணீர் நுழைய வழியில்லை.

குளிர்நாடுகளில் இந்தக் குணத்தைப் போற்றுவதற்குக் காரணம் உறைபனி. உள்ளே புகுந்த தண்ணீர் உறைந்து விரிந்தால் டைல்ஸ் பிளந்துவிடும். உறைபனியே இல்லாத இடத்தில் அந்தப் பெருமையால் பயனில்லை. விளம்பரத்தில் அதைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் தாண்டிப் போகலாம். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் நமக்குக் கிடைக்கும் நன்மை வேறு. நுண்துளைகள் நிறைந்த டைல்ஸ், காற்றின் ஈரத்தை ஆண்டுக்கணக்கில் வேதியியல் முறையில் ஏற்று மெல்ல மெல்லப் பருக்கிறது. மேலே உள்ள கண்ணாடிப் பூச்சு அதனுடன் சேர்ந்து விரிய முடியாமல் சிலந்தி வலை போல விரிசல் விடுகிறது. போர்சலினில் இந்த வீக்கம் இல்லையென்றே சொல்லலாம். நிறங்களும் சூளையில் வெந்த உலோக ஆக்சைடுகள் என்பதால் வெயிலில் வெளுப்பதில்லை.

இவ்வளவு நல்ல குணங்கள் இருந்தும், திறந்தவெளி முற்றத்தில் போர்சலின் பதித்தவர்கள் பலர் வழுக்குகிறது, சுடுகிறது, ஓரங்களில் வெள்ளை பூக்கிறது என்று குறைபடுகிறார்கள். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். இந்தத் தரை தண்ணீர் குடிப்பதில்லை. உள்ளே போகாத தண்ணீர் மேலே நிற்கும், அல்லது இடுக்கு வழியாகக் கீழே இறங்கும். எந்த டைல்ஸ் வாங்கலாம் என்ற கேள்விக்கு விடை, அந்தத் தண்ணீருக்கு என்ன வழி செய்யப்போகிறோம் என்பதில் இருக்கிறது.

முதலில் மேலே நிற்கும் தண்ணீர். மழை பெய்தால்தான் முற்றம் நனையும் என்று நினைக்கிறோம். காற்று 30 டிகிரியிலும் ஈரப்பதம் 80 சதவீதத்திலும் இருக்கும்போது பனிநிலை ஏறக்குறைய 26 டிகிரி. அதாவது தரை காற்றைவிட நான்கு டிகிரி குளிர்ந்தாலே போதும், காற்றின் ஈரம் அதன்மேல் தண்ணீராகப் படியும். அதே 30 டிகிரியில் ஈரப்பதம் 40 சதவீதமாக இருந்தால் பனிநிலை 15 டிகிரிக்கு இறங்கிவிடும். வறண்ட ஊரில் தரை அவ்வளவு குளிர்வது அரிது. ஈரமான ஊரிலோ, மேகமில்லாத இரவில் வெப்பத்தை வானத்துக்கு உமிழ்ந்து நான்கு டிகிரி இறங்குவது எளிது. அடியில் காற்றிடைவெளி விட்டுக் கால்கள் மேல் நிறுத்திய டைல்ஸுக்கு மண்ணின் கதகதப்பு எட்டாததால் அது இன்னும் விரைவாகக் குளிரும். நிழலில் குளிர்ந்து கிடக்கும் தரைமேல் வெதுவெதுப்பான ஈரக்காற்று வீசினாலும் இதேதான் நடக்கும். சுட்ட மண் ஓடாக இருந்தால் அந்த மெல்லிய ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். போர்சலின் உறிஞ்சாது. விடியற்காலையில் வெறுங்காலுடன் வருபவர், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு தண்ணீர்ப் படலத்தின்மேல் கால் வைக்கிறார்.

அந்தப் படலம் எப்படி வழுக்குகிறது? பாதம் தரையைத் தொடும் கணத்தில் நடுவே உள்ள தண்ணீர் பக்கவாட்டில் பிதுங்கி வெளியேற வேண்டும். வழவழப்பான பரப்பில் அதற்கு வழி கிடைப்பதில்லை. தண்ணீர் ஒரு கணம் பாதத்தைத் தாங்கிப் பிடிக்கிறது; அந்த ஒரு கணத்தில் கால் சறுக்கிவிடுகிறது. பரப்பில் நுண்ணிய மேடுபள்ளங்கள் இருந்தால் தண்ணீர் பள்ளங்களில் ஒதுங்க, மேடுகள் படலத்தைக் கிழித்துக்கொண்டு பாதத்தைத் தொடும். இதற்குத் தேவைப்படும் மேடுகள் மிகச் சிறியவை. சுத்தமான தண்ணீரில் நனைந்த தரைக்கு உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையே 20 மைக்ரான் இருந்தாலே வழுக்கும் அபாயம் குறைவு என்று பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு கணக்கிடுகிறது. ஒரு மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கு அது. எண்ணெயோ சோப்போ சேர்ந்தால் படலம் கெட்டியாகிவிடும்; மேடுகளும் உயரமாக இருக்க வேண்டும்.

இதை அளக்கும் சோதனைகளில் ஒரு குழப்பம் இருக்கிறது, வாங்குபவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. டைல்ஸ் பெட்டியில் ஆர் 9 முதல் ஆர் 13 வரை ஓர் எண் போட்டிருப்பார்கள். டின் 51130 என்ற ஜெர்மானியத் தரநிலை வகுத்த எண் இது. சாய்தளத்தில் டைல்ஸைப் பதித்து, எஞ்சின் எண்ணெய் ஊற்றி, பாதுகாப்புக் காலணி அணிந்த ஒருவரை நடக்கவிட்டு, சாய்வை மெல்ல உயர்த்துவார்கள். அவர் 10 முதல் 19 டிகிரி வரையான சாய்வில் சறுக்கினால் ஆர் 10. 19 முதல் 27 வரை தாக்குப்பிடித்தால் ஆர் 11. பலரும் நினைப்பதுபோல ஆர் 9 என்பது பத்துக்கு ஒன்பது மதிப்பெண் அல்ல. அந்த அளவுகோலின் மிகக் கீழ்ப் படி அது.

முற்றத்தில் யாரும் எண்ணெயில் காலணியோடு நடப்பதில்லை; வெறுங்காலோடு தண்ணீரில் நடக்கிறார்கள். அதற்கென்றே டின் 51097 என்ற தரநிலை வகுத்த தனிச் சோதனை இருக்கிறது. வெறுங்காலும் சோப்புத் தண்ணீரும் கொண்டு சாய்தளத்தில் நடத்தப்படும் அது ஏ, பி, சி என்று வகுக்கிறது. ஏ வகைக்குக் குறைந்தது 12 டிகிரி, பி வகைக்கு 18, சி வகைக்கு 24. மழை நேரடியாக விழும் முற்றத்துக்கு ஆர் 11 இருந்தால் மட்டும் போதாது, பி வகையாவது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதியவர்கள் நடக்கும் இடமென்றால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ரப்பர் பொருத்திய ஊசலை ஆடவிட்டுத் தரையின் உராய்வை அளக்கும் ஊசல் சோதனையின் முடிவு கிடைத்தால் ஈரத்தில் 36 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். பி.இ.ஐ. என்று இன்னோர் எண்ணும் காட்டுவார்கள். மெருகுப் பூச்சு எவ்வளவு தேய்மானம் தாங்கும் என்பதை மட்டும் அது சொல்கிறது; வழுக்கலோடு அதற்குத் தொடர்பில்லை.

அப்படியானால் இருப்பதிலேயே சொரசொரப்பானதை வாங்கிவிடலாமா? கூடாது. ஆழமான பள்ளங்களில் தூசியும் உதிர்ந்த இலையின் சாறும் தங்கும். ஈரமும் வெளிச்சமும் கிடைத்தால் பாசி அந்த அழுக்கின்மேல் வளரும். போர்சலினுக்குள் அதனால் ஊடுருவ முடியாது என்பதால் தேய்த்தால் வந்துவிடும். தேய்க்காவிட்டால் வழுவழுப்பான ஒரு தோலாக மூடி, 20 மைக்ரான் மேடுகளையும் மறைத்துவிடும். ஆர் 13 டைல்ஸும் பாசி படிந்தால் வழுக்கும். எனவே விரலுக்கு மெல்லிய மணல்தாள் போலத் தட்டுப்படும், துடைப்பத்தால் கூட்டினால் அழுக்கு வெளியேறும் அளவுக்கான சொரசொரப்பே நல்லது. பளபளப்பாக மெருகேற்றிய வகையை வெளியே பதிக்கவே வேண்டாம். மெருகேற்றும்போது மேல்தோல் தேய்ந்து, மூடிக் கிடந்த குமிழிகள் திறந்துகொள்கின்றன. வழுக்கலோடு கறை பிடிக்கும் தொல்லையும் சேர்ந்துகொள்ளும்.

அடுத்தது சூடு. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தரையின்மேல் ஏறக்குறைய 1,000 வாட் ஆற்றல் கொட்டுகிறது. கரும் சாம்பல் நிற டைல்ஸ் அதில் பெரும்பகுதியை விழுங்கி 60 டிகிரியைத் தாண்டக்கூடும். வெளிர் நிறம் பத்து டிகிரிக்கும் மேல் குறைவாகவே சூடேறும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் நிறம் பாதிக் கதைதான். சூரிய ஆற்றலில் ஏறத்தாழ பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வருகிறது. ஒரே பழுப்பாகத் தெரியும் இரண்டு டைல்ஸில் ஒன்று அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும், மற்றொன்று விழுங்கும். இது கண்ணுக்குப் பிடிபடாது. தயாரிப்பாளரிடம் சூரிய ஒளிப் பிரதிபலிப்புக் குறியீடு எவ்வளவு என்று கேட்கலாம். அந்த எண் கூடக் கூட நல்லது.

டைல்ஸும் மரப்பலகையும் ஒரே 55 டிகிரியில் இருந்தாலும் கால் வைத்தால் டைல்ஸ்தான் சுடும். தோலும் தரையும் தொடும் இடத்தில் உருவாகும் வெப்பநிலையை, எந்தப் பொருள் எவ்வளவு வேகமாக வெப்பத்தைக் கைமாற்றுகிறது என்பது தீர்மானிக்கிறது. 33 டிகிரித் தோலை 55 டிகிரி மரத்தில் வைத்தால் தொடும் இடம் 39 டிகிரி அளவில் நிற்கும் என்று கணக்கு காட்டுகிறது. அடர்த்தியான போர்சலினில் அது 46ஐ நெருங்கும். தோலுக்கு வலிக்கத் தொடங்குவது 43 முதல் 45 டிகிரியில். நனைந்த சுட்ட மண் தரையில் உள்ளே தங்கிய தண்ணீர் ஆவியாகும்போது கிராமுக்கு ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். போர்சலின் மேலிருக்கும் மெல்லிய படலமோ வெயில் பட்டதும் சீக்கிரம் காய்ந்துவிடும். தரை மறுபடி சுடத் தொடங்கும். இதற்கு மாற்று நிழலும் வெளிர் நிறமும்தான். பால் வெள்ளை கண்ணைக் கூசவைக்கும் என்பதால் மணல் நிறம், வெளிர் சாம்பல் போன்றவை சரியாக இருக்கும்.

இனி இடுக்கு வழியாகக் கீழே இறங்கும் தண்ணீர். டைல்ஸ் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் நடுவே உள்ள சிமென்ட் இணைப்புக் கோடு தண்ணீர் குடிக்கும். அடியில் பசை படாத வெற்றிடங்கள் இருந்தால் அங்கே போய்த் தேங்கும். சிமென்ட்டிலிருக்கும் கால்சியம் ஹைட்ராக்சைடு அதில் கரைந்து, வெயிலில் இணைப்புக் கோடு வழியாக மேலே ஏறி, காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக வெளுத்துப் பூக்கிறது. மேலே துடைத்தால் மீண்டும் வரும், ஏனென்றால் தேக்கம் அடியில் இருக்கிறது. சிமென்ட் பால் ஊற்றி நான்கு மூலையிலும் கலவை உருண்டை வைத்துப் பதிக்கும் பழைய முறை இங்கே பயன்படாது. உறிஞ்சும் டைல்ஸில் சிமென்ட் பால் துளைகளுக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும். போர்சலினில் பிடிமானம் இல்லை. பாலிமர் கலந்த, சி2 எஸ்1 (நன்றாக ஒட்டும், சற்று வளைந்துகொடுக்கும் வகை) எனக் குறித்த பசையை, பல் வைத்த கரண்டியால் தரையிலும் டைல்ஸின் பின்பக்கத்திலும் பூச வேண்டும். வெளித்தரைக்குக் குறைந்தது 95 சதவீதப் பரப்பில் பசை படிய வேண்டும் என்பது அமெரிக்கத் தரநிலை. முதல் சில டைல்ஸைப் பதித்த உடனே ஒன்றைப் பெயர்த்துப் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல கொத்தனார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வாட்டம் மீட்டருக்கு ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வேண்டும். அதை அடித்தளத்திலேயே விட வேண்டும். பசையின் தடிமனைக் கூட்டிக் குறைத்து வாட்டம் எடுத்தால் சில ஆண்டுகளில் டைல்ஸ் கழன்றுவிடும். நான்கடி டைல்ஸ் நீளவாக்கில் மிக லேசாக வளைந்திருப்பதுண்டு. அந்த வளைவிலும் தண்ணீர் தேங்கும் என்பதால் வெளியே இரண்டடி டைல்ஸே மேல்.

வெயிலில் கொதித்துக் கிடக்கும் தரையில் பிற்பகல் மழை விழும்போது பரப்பு சில நிமிடங்களில் 30 டிகிரி குளிர்ந்துவிடலாம். ஒரு மீட்டர் போர்சலின் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 7 மைக்ரான் நீள்கிறது, சுருங்குகிறது. பத்து மீட்டர் முற்றத்தில் 30 டிகிரிக்கு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல். மறுபடி சூடேறி நீளும்போது அதற்கு இடமில்லாவிட்டால் டைல்ஸ் நடுவில் கூடாரமாக எழும்பும். திறந்தவெளியில் இரண்டரை முதல் மூன்றரை மீட்டருக்கு ஒன்றாக, சிமென்ட் போடாமல் நெகிழும் சீலன்ட் நிரப்பிய கோடு விட வேண்டும். சுவரும் தூணும் தரையைத் தொடும் இடத்திலும் அதே கோடு தேவை.

தடிமன் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. கான்கிரீட் மேல் ஒட்டுவதற்கு 9, 10 மில்லிமீட்டர் போதும். சரளைமேல் பரப்பவோ கால்கள் மேல் நிறுத்தவோ 20 மில்லிமீட்டர் வேண்டும். இரண்டடிச் சதுரம் ஒன்றே 17 கிலோ அளவில் இருக்கும்.

வாங்கும் முன் இரண்டு மூன்று வகைகளில் மாதிரித் துண்டு கேட்டு வாங்கி, பதிக்கப்போகும் அதே இடத்தில் ஒரு நாள் போட்டு வையுங்கள். குளிரூட்டிய கடையில் காய்ந்த டைல்ஸை விரலால் தடவுவது எதையும் சொல்லாது. நண்பகலில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள். பிறகு தண்ணீரும் சிறிது சோப்பும் ஊற்றி, கையால் எதையாவது பிடித்துக்கொண்டு, குதிகாலை அழுத்தித் தள்ளிப் பாருங்கள். கடைசியாக ஒரு பிடி ஈரமண்ணைத் தேய்த்துக் காயவிட்டு, துடைப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். மண் போகாத துண்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.