ஆல்பம்: பேழையும் அன்று, தொகுப்பும் அன்று

பாம்பனில் இருக்கும் என் அக்காள் மகன் அண்மையில் ஒரு பாட்டை எழுதித் தானே பாடி, பாலத்தைப் பின்னணியாக வைத்துப் படமும் பிடித்து, "மாமா, எங்க ஆல்பம் வந்துருச்சு" என்று கைப்பேசியை நீட்டினான். மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. "மிச்சப் பாட்டெல்லாம் எங்கேடா?" என்று கேட்டேன். "ஒரு பாட்டுத்தான் மாமா ஆல்பம்" என்றான். சினிமாவில் வராத பாட்டு எதுவானாலும் அது 'ஆல்பம் சாங்' என்றாகிவிட்ட நாட்டில் அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே வாரத்தில், அமெரிக்க ராப் கலைஞர் கென்ட்ரிக் லமாரைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையில், ஆல்பம் என்பதற்கு ஈடாக 'அவரது நான்காவது இசைப்பேழை' என்று படித்தபோது பொறுமை போய்விட்டது. இந்தப் பேழையை எத்தனை முறைதான் சுமப்பது?

சொல்லின் பிறப்பு எளிது. இலத்தீனில் 'ஆல்பஸ்' என்றால் வெண்மை. உரோமாபுரியில் பொது அறிவிப்புகளை எழுதி வைத்த வெள்ளைப் பலகை 'ஆல்பம்' எனப்பட்டது. பின்னர் நண்பர்களிடம் கையெழுத்து வாங்கும் வெற்றேட்டுக்கும், அதன் பின் படங்களும் தபால்தலைகளும் ஒட்டும் ஏட்டுக்கும் அப்பெயர் சென்றது. பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடமே ஓடிய பழைய இசைத்தட்டுகள் பலவற்றை உறைகளில் செருகி ஏடுபோல் கட்டி விற்றபோது இசைக்கும் ஒட்டிக்கொண்டது. கொலம்பியா நிறுவனம் 1948இல் நெடுநேரம் ஓடும் இசைத்தட்டைக் கொண்டுவந்து, அத்தனை பாட்டும் ஒரே தட்டில் அடங்கிய பிறகும் பெயர் மாறவில்லை. பீட்டில்ஸ் குழுவினர் 1968இல் வெறும் வெள்ளை உறையோடு வெளியிட்டதை உலகம் 'வெள்ளை ஆல்பம்' என்று அழைக்கிறது. வேரைத் தோண்டினால் அது 'வெள்ளை வெள்ளை' என்றாகும்.

இனிப் பேழைக்கு வருவோம். கேசட்டுக்கு 'ஒலிப்பேழை' என்று ஒருகாலத்தில் பெயர் வைத்தார்கள்; நாடாவை உள்ளே வைத்துப் பூட்டிய சிறு பெட்டி என்பதால் அது பொருந்தியது. கீழக்கரையில் எங்கள் தெருவுக்குத் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சபராளிகள் கொண்டுவந்த கேசட்டுகளில்தான் மேலைநாட்டுப் பாப் இசையையும் ராப் இசையையும் நான் முதன்முதலில் கேட்டேன். அந்தப் பெட்டிகள்மீது எனக்குப் பகையில்லை. பெட்டியின் பெயரை உள்ளிருக்கும் பாட்டுக்குச் சூட்டியதும், பெட்டி ஒழிந்து பாட்டு கைப்பேசிக்குள் போன பின்னும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதுமே பிழை. எங்கள் கரையில் பங்குக் கோயிலுக்குப் போகிறவர்களிடம் பேழை என்று சொன்னால் நோவாவின் பேழைதான் நினைவுக்கு வரும். தலைவர்களின் இறுதி ஊர்வலத்தை நேரலையில் பார்த்தவர்களுக்குச் சந்தனப் பேழை நினைவுக்கு வரும். இலண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்த ராப் பாடகி மாயா அருள்பிரகாசம் (எம்.ஐ.ஏ.) 2005இல் வெளியிட்ட ஆல்பத்துக்குத் தந்தையின் இயக்கப் பெயரான 'அருளர்' என்பதையும், 2007இல் வெளியிட்டதற்குத் தாயின் பெயரான 'கலா' என்பதையும் சூட்டினார். இதனைத் 'தந்தைக்கு ஒரு பேழை, தாய்க்கு ஒரு பேழை' என்று எழுதிப் பார்த்தால் எனக்கு ஏன் நெஞ்சு பதைக்கிறது என்பது விளங்கும்.

'இசைத்தொகுப்பு' என்பவர்களோடுதான் எனக்கு உண்மையான வழக்கு. தொகுத்தல் என்பது சிதறிக் கிடப்பதைப் பிறகு சேர்ப்பது. ஒரு பாடகரின் புகழ்பெற்ற பாடல்களை நிறுவனம் பொறுக்கியெடுத்து வெளியிட்டால் அது தொகுப்பு. அமெரிக்கப் பாடகி லாரின் ஹில் 1998இல் வெளியிட்ட ஆல்பம் அத்தகையதா? அது வகுப்பறையில் ஆசிரியர் வருகைப்பதிவு எடுப்பதில் தொடங்குகிறது. லாரின் ஹில்லின் பெயரைக் கூப்பிடுகிறார், பதில் இல்லை. பாட்டுகளுக்கு இடையிடையே அதே வகுப்பறை, பிள்ளைகள் காதலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வகுப்புக்கு வராத மாணவி வெளியே கற்றுக்கொண்டதுதான் பாட்டுகள் என்று எனக்குப் புரிய, கேசட்டின் இரு பக்கத்தையும் பலமுறை திருப்பிப் போட வேண்டியிருந்தது. ஒரு பாட்டு முடியும்போதே அடுத்ததன் முதல் ஒலி காதுக்குள் எழும் பழக்கம் அந்த நாடா தந்ததுதான்.

கென்ட்ரிக் லமாரின் 'டேம்' இன்னும் வலிய சான்று. 2017 ஏப்ரலில் பதினான்கு பாட்டுகளோடு வந்த அதே ஆல்பத்தை, அவ்வாண்டு டிசம்பரில் வரிசையை மட்டும் கடைசியிலிருந்து முதலாகத் திருப்பி மறுபடி வெளியிட்டார். முதல் வரிசையில், தொடக்கத்திலேயே கதைசொல்லி சுடப்படுகிறான். கடைசிப் பாட்டில், தன் தந்தை ஒருவனிடம் காட்டிய சிறு நற்செயல் அத்தந்தையின் உயிரைக் காத்ததைச் சொல்கிறான். உடனே ஒலி பின்னோக்கி ஓடி முதல் வரிக்கே வந்து நிற்கிறது. வரிசையைத் திருப்பினால் உயிர் பிழைத்ததில் தொடங்கிச் சாவில் முடிகிறது. பாட்டு ஒன்றும் மாறவில்லை, வரிசை மாறியதும் பொருள் மாறிற்று. 2018இல் இசைக்கான புலிட்சர் பரிசும் இதற்குக் கிடைத்தது. இதைத் தொகுப்பு என்று எழுதுகிறவர் அதைக் கலைத்துப்போட்டுக் கேட்டவராகவே இருக்க வேண்டும்.

பழைய அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தைக் காட்டி என்னை மடக்க வருவோர் உண்டு. ஒருவர் உரைத்ததும் தொகைநிலைச் செய்யுளில் அடங்கும் என்று அந்நூல் சொல்வது உண்மையே. ஆயினும் அதே நூல் தனித்து நிற்கும் செய்யுளை முத்தகம் என்றும், தொடர்ந்து செல்வதைத் தொடர்நிலை என்றும் வேறு பிரித்திருக்கிறது. அந்த நுட்பத்தை விட்டுவிட்டு எல்லாவற்றையும் தொகுப்பு என்னும் ஒரே சாக்கில் கட்டுவது நம்முடைய சோம்பல். பழிக்கு இலக்கணம் பொறுப்பாகாது.

நான் எழுதுவது 'பாட்டுக்கோவை'. கோத்தது எதுவோ அது கோவை. முத்துக் குளித்த கரையில் இதற்கு விளக்கம் தேவையில்லை: எந்த முத்தை அடுத்து எது என்று பார்த்துக் கோப்பவரின் கண்ணில்தான் மாலையின் அழகு இருக்கிறது. இலக்கியத்திலும் கோவை என்பது களவு முதல் கற்பு வரை, துறைகள் எனப்படும் காதல் காட்சிகள் வரிசை பிறழாமல் செல்லும் நூல். எங்கள் இரகுநாத சேதுபதியின்மேல் அமிர்தகவிராயர் பாடிய ஒருதுறைக்கோவையோ, தலைவி நாணிக் கண்புதைக்கும் ஒரே துறையை நானூறு பாட்டில் பாடி முடிக்கிறது. ஒரே கருத்தைச் சுற்றி ஆல்பம் செய்வதை ராப் பாடகர்கள் நேற்றுக் கண்டுபிடித்ததாக எழுதும் விமர்சகர்கள் ஒருமுறை இராமநாதபுரம் வந்து போகலாம்.

கோவை என்றால் கொங்கு நாட்டு ஊர் நினைவுக்கு வருமே என்பார்கள். அதனால்தான் 'கோவைப் பாட்டு' என்னாமல் 'பாட்டுக்கோவை' என்கிறேன். 'இசைக்கோவை' என்றும் சொல்லலாம். ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் வழங்கும் 'இசைக்கோப்பு' என்பதோடு குழம்பும். பேச்சில் ஆல்பம் என்று சொல்வதை நான் தடுப்பதில்லை. கல்யாண ஆல்பத்தைப் பாட்டிகூட அப்படித்தான் கேட்கிறாள். தமிழில் எழுதப் புகுந்தவர் மட்டும், அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டாமல், அந்த இசையை ஒருமுறை முதலிலிருந்து கடைசி வரை கேட்டுவிட்டு எழுதட்டும் என்கிறேன்.

அக்காள் மகனிடம், உன்னுடையது தனிப்பாட்டு, இன்னும் கோவை ஆகவில்லை என்று சொன்னேன். ஐந்து பாட்டு மட்டும் போட்டால் அதற்கு என்ன பெயர் என்று கேட்டான். குறுங்கோவை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். சுவரொட்டியில் அவன் எதை அச்சடிக்கிறான் என்று பார்க்க வேண்டும்.