சித்திரை வெயிலைத் தாங்கும் ரஷ்யன் சேஜ் ஐப்பசியில் ஏன் அழுகுகிறது?

ஊதாப் பூவும் சாம்பல் நிற இலையும் கொண்ட ரஷ்யன் சேஜை மதுரையில் வைக்கலாமா என்று யோசிக்கிறவர்கள் சித்திரை வெயிலை நினைத்துத்தான் தயங்குகிறார்கள், ஆனால் இந்தச் செடிக்கு உண்மையான ஆபத்து ஐப்பசி, கார்த்திகையில்தான் வருகிறது.

இதன் சொந்த இடம் ஆப்கானிஸ்தான், ஈரான், பாகிஸ்தான் பக்கத்து வறண்ட மலைச்சரிவுகள். துளசியும் தும்பையும் இருக்கிற அதே குடும்பம், தண்டை உருட்டிப் பார்த்தால் அதே நாலு பட்டை தெரியும். முன்பு பெரோவ்ஸ்கியா என்று தனிப் பேரினமாக வைத்திருந்தார்கள், 2017-இல் சால்வியா பேரினத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

இலையின் சாம்பல் நிறத்துக்குக் காரணம் அதன்மேல் அடர்ந்திருக்கும் வெள்ளை நுண்முடிகள். அவை வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புவதால் இலை குறைவாகச் சுடுகிறது, அதோடு இலையை ஒட்டிய காற்றை அசையவிடாமல் வைத்திருப்பதால் இலைத்துளை வழியாக வரும் ஈரத்தை வெளிக்காற்று சட்டென்று அடித்துக்கொண்டு போக முடியாது. நம்மூர்ப் பேய்மிரட்டி இலையைத் தடவிப் பாருங்கள், கம்பளி மாதிரி இருக்கும். அதுவும் இந்தக் குடும்பம்தான்.

சரி, மழையில் என்ன ஆகிறது? வேரும் மூச்சு விடுகிறது, அதற்கு ஆக்ஸிஜன் வேண்டும். மண் இடுக்குகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால் ஆக்ஸிஜன் வந்துசேரும் வேகம் காற்றில் இருப்பதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைந்துபோகும். இதன் சொந்த மலைகளில் மழையும் பனியும் பெரும்பாலும் குளிர்காலத்தில், செடி உறங்கும்போது விழுகின்றன. 5 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 12.8 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரையும், 25 டிகிரியில் 8.3 தான். வேரின் தேவையோ 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். மதுரையில் வடகிழக்குப் பருவமழை வெதுவெதுப்பான மண்ணில் இறங்குகிறது, அதாவது வேர் அதிகம் கேட்கும் நேரத்தில் கிடைப்பது குறைகிறது. மூச்சு முட்டிய வேரில் அழுகல் பூஞ்சை எளிதாக ஏறிவிடும்.

அதனால் திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் நேராக நடவே வேண்டாம், அந்தக் களிமண் தண்ணீரை விடாது. மேலூர்ப் பக்கத்துச் செம்மண் பரவாயில்லை, ஆனாலும் பாதிக்குப் பாதி பருமணலோ உடைத்த செங்கல் ஜல்லியோ கலந்து, மேடாகக் கூட்டி நடுங்கள். மொட்டை மாடி என்றால் சுட்ட மண் தொட்டிதான் நல்லது, அதன் சுவர் வழியாகவும் ஈரம் போகும். எம்-சாண்ட் போடுவதானால் தூளை அலசிவிடுங்கள், இல்லாவிட்டால் இடுக்கை அதுவே அடைத்துவிடும். அடைமழை நாட்களில் தொட்டியைச் சன்ஷேடுக்கு அடியில் தள்ளிவையுங்கள்.

சாணி உரத்தை அள்ளிப் போடாதீர்கள். தழைச்சத்து கூடினால் தண்டு நீண்டு, பலமில்லாமல் சாய்ந்துவிடும். நிழலில் வைத்தாலும் இதேதான்.

இங்கே குளிர் உறக்கம் கிடைக்காததால், குளிர்நாட்டுத் தோட்டங்களில் பூப்பதைப்போல இங்கேயும் பூக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒரு சாண் விட்டு வெட்டினால் புதுத்தண்டு கிளம்பும், பூ அதில்தான் வரும். இதழ் உதிர்ந்த பிறகும் கதிர் ஊதாவாகவே தெரியும், பூவைத் தாங்கும் புல்லி வட்டத்தின்மேலும் ஊதா முடிகள் இருக்கின்றன, அதனால் அவசரப்பட்டுக் கிள்ளிவிடாதீர்கள்.