வலிக்காத நெறி

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் வெறுங்காலோடு நடமாடுகிறவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. காலில் கெளுத்தி முள் ஏறும். ஓரிரு நாளில் தொடை இடுக்கில் கொட்டைப்பாக்கு மாதிரி ஒன்று புடைத்து, காலை எட்டி வைத்தாலே வலிக்கும். 'நெறி கட்டிடுச்சு' என்பார்கள். புண் ஆறினால் அதுவும் வற்றிவிடும்.

முள் குத்தியது காலில். இடுக்கு ஏன் வீங்க வேண்டும்? திசுக்களில் கசியும் நிணநீரைத் திரும்ப ரத்தத்தில் சேர்க்க உடம்பில் தனியாக ஒரு குழாய் வலை ஓடுகிறது. புதுச்சேரியிலிருந்து வரும் வண்டிகளை ஆல்பேட்டையில் நிறுத்திப் பைகளைத் துழாவுவார்களே, அந்த மாதிரி சாவடிகள்தான் நிணநீர்க் கணுக்கள். சுமார் 600 உண்டு. அங்கே காவல் நிற்பவை லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள். கிருமி சிக்கினால் மளமளவென்று பெருகும். கணு வீங்கி வலிக்கும். வேலை முடிந்ததும் கூட்டம் கலையும்.

கூட்டம் கலையாமல் போவதுதான் லிம்போமா என்ற புற்றுநோய். மரபணுவில் பிழை விழுந்த ஒரு லிம்போசைட், எதிரியே இல்லாமல் பெருகிக்கொண்டே போகிறது. அழற்சி அதிகம் இல்லாததால் பெரும்பாலும் வலி இருக்காது. நாம் ஏமாறுவதும் இங்கேதான்.

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் மாமாவின் கழுத்துக் கட்டியை முதலில் கண்டுபிடித்தவர் சலூன்காரர். "வலிக்கவே இல்லையேப்பா, எதுக்கு டாக்டர்?" என்று மாமா இரண்டு மாதம் ஓட்டினார். தொட்டுப் பார்த்தால் அழிரப்பர் போல அழுத்தமாக, விரலுக்கு நழுவிக்கொடுத்தது. ராத்திரி வியர்வைக்கு அவர் மின்வெட்டைக் காரணம் சொன்னார். சித்திரை மாதக் கடலூரில் வியர்க்காமல் யார் தூங்குகிறார்கள்? ஆனால் அவருக்கு ஃபேன் ஓடும்போதே பனியனும் தலையணையும் பிழிகிற அளவுக்கு நனைந்தன. அதோடு காரணம் தெரியாமல் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை குறைவது (60 கிலோ ஆள் 54 ஆவது) இரண்டும் சேர்ந்தால் தள்ளிப்போடக் கூடாது. சிலருக்கு உடம்பெல்லாம் அரிப்பு. ஹாட்ஜ்கின் என்ற லிம்போமா வகையில், அபூர்வமாக, மது குடித்ததும் கட்டி வலிக்கும். புதுச்சேரி நண்பர்கள் சிரிக்க வேண்டாம், பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

யாருக்கு வரும்? லிம்போசைட்டை ஓயாமல் பெருகவைப்பதும், உடம்பின் காவலைத் தளர்த்துவதும் ஆபத்தைக் கூட்டும். எச்.ஐ.வி, சிறுநீரக மாற்றுக்குப் பிறகு சாப்பிடும் எதிர்ப்புசக்தி அடக்கும் மாத்திரைகள், முடக்குவாதம் என்ற மூட்டு நோய், எப்ஸ்டீன்-பார் வைரஸ் எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். வயிற்றில் குடியிருக்கும் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியால் வரும் ஒரு வகை லிம்போமா, ஆரம்பத்திலேயே பிடித்தால், பலருக்கு ஆன்டிபயாடிக்கிலேயே கரைந்துவிடுகிறது! வயது ஏற ஏற ஆபத்தும் ஏறும். ஹாட்ஜ்கின் மட்டும் இருபதுகளிலும் எட்டிப் பார்க்கும். இதில் எதுவுமே இல்லாதவர்களுக்கும் வருகிறது. தொற்றுநோய் அல்ல, தட்டு டம்ளரைத் தனியாக வைக்க வேண்டியதில்லை.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. கழுத்தில் இப்படி நெறி கட்டினால் காசநோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதிலும் காய்ச்சல், வியர்வை, மெலிவு எல்லாம் உண்டு. அதனால் ஊகத்தில் மாத்திரை போடக் கூடாது. முக்கியமாக ஸ்டீராய்டு, கட்டியைத் தற்காலிகமாகச் சுருக்கி நோயை மறைத்துவிடும். சோதனைக்கு ஊசி குத்தி எடுத்தால் சில அணுக்கள்தான் வரும். கணுவின் உள்ளமைப்பு எப்படிக் குலைந்திருக்கிறது என்று பார்க்க, முடிந்தவரை முழுக் கணுவையே எடுக்க வேண்டும்.

"கத்தி வெச்சா பரவிடுமாமே" என்று அத்தை அழுதார். பரவாது. ஃபார்மலின் ஊற்றிய டப்பாவில், மொச்சைக்கொட்டை அளவில், மீன் சதை மாதிரி வெளுத்துக் கிடந்த அதை லேபுக்கு எடுத்துப்போனது நான்தான். ஹாட்ஜ்கின் என்று வந்தது. கீமோவுக்கு நன்றாக மசியும் வகை. அப்புறம் புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு பஸ் பிடித்தோம், ஆல்பேட்டை வழியாகத்தான்.